சபை நாற்காலிக்குத் தோட்டத்துச் சம்மதம்

இந்த 1927இல் மலாயாச் சட்டசபையில் இந்தியர் ஒருவருக்கும் நாற்காலி போடப்போகிறார்கள் என்ற பேச்சு ஊரெல்லாம் அடிபடுகிறது. ஓட்டெல்லாம் கிடையாது, மேலிடத்தில் நியமிப்பார்கள். அப்படி உட்காருகிறவர் யாருக்காகப் பேசுவார்? தைப்பிங்கில் வாத்தியாராக இருக்கும் எனக்கு இதைத் தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வரவில்லை.

ஈப்போவில் நம்மவர்கள் சனிக்கிழமை கூடி ஒரு பெயரைச் சிபாரிசு செய்வதாக ஏற்பாடு. அடிபட்ட பெயர் என் சிநேகிதர் அருளப்பனுடையது. ரப்பர் தோட்டத்துக் கூலிகளின் லயத்தில் பிறந்து, இப்போது ஈப்போவில் மருந்துக்கடை வைத்திருப்பவர். தோட்டத்து ஜனங்கள் சரி என்று சொல்லாமல் பெயர் கொடுக்கமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். வியாழனன்று அவர்களைக் கேட்கப் போனார், நானும் ஒட்டிக்கொண்டேன்.

தைப்பிங்கில் வழக்கம்போல மழை. காலை ஏழு மணி ரயிலில் ஏறினேன். ரயில் நுழைந்து போகும் மலைக்குகைகளும் கோலா கங்சாரும் கடந்து ஏறக்குறைய ஐம்பது மைல். பக்கத்தில் இருந்தவரிடம், கூலிகளின் அபிப்பிராயம் கேட்கப் போகிறேன் என்றேன்.

"அப்ப நீங்க தஞ்சோங் ரம்புத்தான்லயே இறங்கிக்கலாம்லா" என்றார். பைத்தியக்கார ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. சிரித்துக்கொண்டே ஈப்போ வரை வந்தேன்.

அங்கிருந்து அருளப்பனும் நானும் வாடகைச் சைக்கிளில் ஒன்பது மைல். தோட்டத்துப் பாதையில் வெள்ளைக்காரத் துரையின் மோட்டார் எதிரே வந்தது. நான் பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தேன். அருளப்பன் குதித்து இறங்கித் தொப்பியைக் கழற்றி ஓரமாக நின்றுவிட்டார். துரையைக் கண்டால் தமிழன் சைக்கிளில் இருக்கக்கூடாது என்பது அங்கே வழக்கமாம். பால் நிறுக்கும் கொட்டகையில் நின்றவர்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். எனக்கே முகம் சுருங்கியது.

அருளப்பன் அவர்களிடம் வந்த விஷயத்தைச் சொன்னார். பால்மரம் வெட்டும் முனியம்மா முன்னால் வந்தாள்.

"அண்ணே, வெளியூர் வாத்தியாரு இறங்கல. நீங்க இறங்குனீங்க. சபையிலயும் இப்பிடித்தானா?"

"தெரியலக்கா. காலு தானா இறங்கிருச்சு."

முனியம்மா காலிப் பால்வாளியைக் கீழே வைத்தாள். "சனிக்கிழமை நாங்களும் ரெண்டு பேரு வாரோம். யாரு பேரைச் சொல்றதுன்னு எங்களையும் கேக்கட்டும். லீவு தொரைதான் தரணும். நீங்க போயிக் கேளுங்க."

துரையின் மோட்டார் திரும்பி வந்ததும் அருளப்பன் மேட்டு பங்களாவுக்கு நடந்தார். படியருகே ஒரு கணம் நின்று பிறகு ஏறியது கொட்டகையிலிருந்தே தெரிந்தது. எனக்கும் பயம்தான். அரைமணி கழித்து வெறுங்கையோடு திரும்பினார்.

"தரமுடியாதுன்னுட்டாரு. இனிமே இந்தப் பக்கம் வராதேன்னும் சொன்னாரு."

முனியம்மா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: சைக்கிள் வாடகை நாளுக்கு ஐம்பது காசு. பால் நிறுத்து முடியும்வரை யாரோடும் பேச முடியாது. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது நல்லது. சபைக்கு யாரை நியமிப்பார்களோ, அது மேலே இருப்பவர்கள் பாடு. கொட்டகையில் கடைசியாக முனியம்மா சொன்னது இதுதான்: "எங்களுக்காக இதுவரைக்கும் யாரும் அந்தப் படியேறிக் கேட்டதில்ல. உங்க பேரையே கொடுங்கண்ணே."