நான்காவது தட்டு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. என் அக்காவுக்கு நடந்தது. கரப்பான்பூச்சியைக் கண்டால் நாமெல்லாம் செருப்பைத் தேடுவோம். அவள் அது ஆணா பெண்ணா என்று பார்ப்பாள். பேய் என்றால் விழுந்து விழுந்து சிரிப்பாள். போன குளிர்காலம் வரைக்கும்.

அக்காவுக்கு வௌவால் ஆராய்ச்சி. குளிர்காலத்தில் பூச்சி கிடைக்காது. அதனால் வௌவால்கள் உடம்பைச் சுவரைப் போலக் குளிரவிட்டு மாதக்கணக்கில் தூங்கும். இடையில் எழுப்பிவிட்டால் சேர்த்த கொழுப்பு கரைந்து, பட்டினியில் சாகும். இப்போதெல்லாம் குளிர்காலமே சரியில்லை. எத்தனை வௌவால் பாதித் தூக்கத்தில் விழிக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

இடம், கைவிடப்பட்ட ரயில் சுரங்கப்பாதை. உள்ளே விளக்கு கூடாது. மூச்சுக் காட்டக் கூடாது. கையில் சூட்டைக் காட்டும் கேமரா இருக்கும். தூங்கும் வௌவால் அதில் நீலம், விழித்தது மஞ்சள். இரண்டு பேர் போவார்கள். பின்னால் வருபவர் முன்னால் போகிறவரின் தோளைத் தட்டித்தான் பேச வேண்டும். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு, நட. மூன்று, நான் வெளியே போகிறேன். அவ்வளவுதான் பாஷை.

அன்று பட்டப்பகல். மணி மூன்று. கூட வந்தவன் அவளோடு வேலை பார்க்கும் தாடி. வாசல் கதவருகே குனிந்து ஷூவைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"நீ போ. பின்னாடியே வர்றேன்."

அக்கா சுவரில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி நடந்தாள். சொட்... சொட்... தண்ணீர் சத்தம் மட்டும். சற்றுத் தூரத்தில் தோளில் ஒரு தட்டு. நின்றாள். இரண்டு தட்டு. நடந்தாள். தடிமனான கோட்டையும் தாண்டி அந்தக் கை ஜில்லென்றது. 'கையுறை போடுன்னா கேக்கமாட்டான்' என்று மனதுக்குள் திட்டினாள்.

பிறகுதான் உறைத்தது. தாடி ஓயாமல் மூக்கை உறிஞ்சுபவன். இன்று சத்தமே இல்லை.

காலடிச் சத்தமும் ஒன்றுதான் கேட்டது. அவளுடையது.

மறுபடி தட்டு. ஒன்று... இரண்டு... மூன்று. அப்பாடா, வெளியே போகிறான்.

நான்கு.

நான்கு என்று ஒன்று கிடையாதே...

கேமராவைப் பின்னால் திருப்பினாள். ஆள் இருந்தால் சிவப்பாகத் தெரிய வேண்டும். திரை முழுக்க நீலம். யாருமில்லை.

கை மட்டும் தோளில் இருந்தது.

அலறல் தொண்டை வரை வந்துவிட்டது. தலைக்கு மேலே நூற்றுக்கணக்கில் தூங்கும் உயிர்கள். ஒரு சத்தம் போட்டால் எல்லாம் விழிக்கும். கோட்டுக் காலரைக் கடித்துக்கொண்டாள். கேமராவைப் பின்னால் காட்டியபடியே வாசலுக்குத் திரும்பி நடந்தாள்.

கையும் கூடவே வந்தது.

நான்கு தட்டு.

மறுபடி நான்கு...

வெளியே வேன் படியில் தாடி உட்கார்ந்திருந்தான்.

"எங்கடா போன?"

"நான் எங்க உள்ள வந்தேன்? ஷூ அடி பிஞ்சுபோச்சு. இங்கேயேதான் இருக்கேன்."

அன்று சாயங்காலம் ஆராய்ச்சித் தலைவிக்கு போன் போட்டுச் சொன்னாள்.

"நாலா? சரியா எண்ணினியா?"

"நாலுதான் மேடம்."

"என்னை விட்டுட்டுப் போயிடாதன்னு அர்த்தம். அதை இப்ப யாருக்கும் நாங்க சொல்லித்தர்றதில்ல."

பல வருடங்களுக்கு முன்பு ஒரு மாணவன். சரிந்த கல்லில் கால் மாட்டிக்கொண்டது. வௌவால்களுக்குப் பயந்து அவன் கத்தவில்லை, தட்டினான். முன்னால் நின்றவர் மூன்று என்று எண்ணிவிட்டார். அவன் வெளியே போகிறான் என்று நினைத்து, அப்போது திறந்திருந்த மறுமுனை வழியாக வந்துவிட்டார். ஆள் தேடிப் போவதற்குள் உள்ளே பாறை சரிந்து வழி அடைத்துக்கொண்டது. வசந்தத்தில்தான் உடல் கிடைத்தது.

"முன்னாடி நின்னது நான்தான்" என்றார் தலைவி. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அவன் உன்கூட வெளிய வந்துட்டானா?"

அக்கா தெரியாது என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

பிறகு கேமராவின் பதிவைப் போட்டுப் பார்த்தாள். திரும்பி வந்த வழியில் வௌவால்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாகியிருந்தன. அவளுக்கு ஓரடி பின்னால், வரிசையாக.

கடைசி மஞ்சள் புள்ளி வாசல் கதவுக்கு நேர் மேலே இருந்தது.