பிள்ளையார் சுழி போட்ட வாக்கு

என் அத்தான் இராஜேந்திரன் வாக்குச் சாவடிக்குத் தன் சொந்தப் பேனாவோடுதான் போவார். அங்கே கட்டித் தொங்கவிட்டிருக்கும் பென்சிலை நம்பமாட்டார். பென்சிலால் போட்டதை அழிக்கலாமாம். லண்டன் இல்ஃபோர்ட்டில் அவருடைய தெருவுக்கு யாராவது புதிதாகக் குடிவந்தால் கவுன்சில் அனுப்பிய ஆள் என்பார். பக்கத்து வீட்டுக்காரன் குப்பைத் தொட்டியைக் கழுவினால் எதை மறைக்கிறான் என்று கேட்பார். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று என் மனைவி சொல்வாள். நான் அவருடைய மனைவி பாலாம்பிகை அக்காவின் தம்பி. அக்கா அந்த வீட்டில் இருக்கிறபடியால் வாயைத் திறப்பதில்லை.

இதே மனிதர் ஒருகாலத்தில் ஊர் பேர் தெரியாதவனுக்கும் வீட்டைப் பூட்டித் திறக்கத் திறப்பைக் கொடுத்தவர் என்றால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். எண்பதுகளின் கடைசியில் அகதியாக வந்து, ஈஸ்ட்ஹாமில் பாலேந்திரா என்ற சிநேகிதரோடு ஒரே அறையில் இருந்தார். இருவருக்கும் ஒரு மெத்தை. இருவரும் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் மாறி மாறிச் செய்ததால் ஒருவர் எழும்பிப் போக மற்றவர் வந்து படுப்பார். பிறகு இருவரும் குடும்பமாகி, லண்டனை விட்டு வின்டர்ஃபோர்ட் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊருக்குப் போனார்கள். அத்தான் தபாற்கந்தோரை நடத்தினார். எதிர்ப்பக்கத்தில் பாலேந்திரா அண்ணை பலசரக்குக் கடை போட்டார். இவர்களைவிட்டால் அந்த ஊரில் இருந்த தமிழ்க் குடும்பம் இம்மாகுலேற் அக்காவுடையது மட்டும்தான்.

வின்டர்ஃபோர்ட் மாவட்டக் கவுன்சில் என்ற உள்ளூராட்சி சபை 1974இல் தொடங்கியது. தொடங்கிய நாளிலிருந்து பெரும்பாலும் ஒரே கட்சிதான் அங்கே ஆட்சி. நாலு வருடத்துக்கொருமுறை தேர்தல் வரும், அதே முகங்கள் திரும்பவும் போய் உட்காரும். 2007இல் ஊருக்குள் வந்த ஒரே பஸ்ஸையும் நிறுத்தப் போகிறார்கள் என்று கதை வந்தது. பென்ஷன் எடுக்கத் தபாற்கந்தோருக்கு வந்த கிழவர்கள் அத்தானை உசுப்பேற்றிச் சுயேச்சையாக நிறுத்தினார்கள். வென்றார். அந்த முறை எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாததால் சுயேச்சைகளின் தயவில்தான் கவுன்சில் ஓடியது. பஸ்ஸும் ஓடியது. லண்டனுக்கு வந்தால் மனோர் பார்க் முருகன் கோயிலில் அவருக்குப் பொன்னாடை. அக்காவைக் கவுன்சிலரம்மா என்று கூப்பிட்டார்கள். எங்களுக்கெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது.

2011 தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் பார்க்கர் என்ற ஒரே ஒருவர். எண்ணி முடிந்தபோது இருவருக்கும் சரிசமம். மீதி இருந்தது செல்லுமா செல்லாதா என்று பிரித்து வைத்த ஒரு வாக்குச்சீட்டு. அத்தானின் பெயருக்கு நேரே பெருக்கல் குறிபோல அழகாகப் புள்ளடி. ஆனால் சீட்டின் உச்சியில், பார்க்கரின் பெயரை ஒட்டி, பேனாவால் இன்னொரு குறி. தேர்தல் அதிகாரி அதை இரண்டு என்ற இலக்கமா என்று உற்றுப் பார்த்தார். அத்தானுக்கோ பார்த்தவுடனே விளங்கிவிட்டது. பிள்ளையார் சுழி. கலியாணக் கார்டானாலும் கடைச் சாமான் பட்டியலானாலும் அதைப் போட்டுவிட்டுத்தானே எங்கள் ஆட்கள் தொடங்குவார்கள்.

அத்தான் சும்மா இருந்திருக்கலாம். புள்ளடி தெளிவாக இருந்ததால் அதிகாரி அவர் பக்கம் தீர்த்திருக்கவும் கூடும். நுணலும் தன் வாயால் கெடும். அவர் சந்தோஷத்தில், இது எங்கள் ஆட்கள் எழுதமுன் போடும் குறி, இங்கே இரண்டு மூன்று வீடுகளில்தான் இதைப் போடுவார்கள் என்று விளக்கிவிட்டார். பார்க்கரின் ஆள் உடனே பிடித்துக்கொண்டான். அப்படியானால் யார் போட்ட வாக்கு என்று தெரிகிறதே, ஆளை அடையாளம் காட்டும் சீட்டு செல்லாதே என்றான். அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தார். பிறகு இரண்டு பெயர்களையும் துண்டில் எழுதி மடித்து, காலிப் பெட்டியில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். பார்க்கர் வந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

அன்றிலிருந்து அத்தானுக்கு ஒரே கேள்வி. போட்டது யார்? இம்மாகுலேற் அக்கா மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், அவர் முதலிலேயே தப்பிவிட்டார். தன் வீட்டை அத்தான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மிஞ்சியது பாலேந்திரா அண்ணை. கடைக்கு வரும் பாண் ரொட்டிப் பெட்டியில்கூடச் சுழி போடுகிற மனிதர். கடைக்குப் பெரிய பெயர்ப்பலகை வைக்கக் கவுன்சில் விடாதபோது அத்தான் உதவவில்லை என்ற மனத்தாங்கலும் அவருக்கு இருந்தது. அத்தான் அவரைக் கூப்பிட்டு நேரே கேட்டார். அண்ணையும் ஒளிவுமறைவில்லாமல், "எனக்குச் சரியா ஞாபகமில்லை மச்சான். கைப்பழக்கத்தில போட்டிருந்தாலும் போட்டிருப்பன்" என்றார்.

அது போதுமாயிருந்தது. அவர் வேண்டுமென்றே வாக்கைக் கெடுத்தார் என்று அத்தான் முடிவுகட்டினார். பேச்சு நின்றது. கடையை விற்றுப் பாலேந்திரா அண்ணை ஹவுன்ஸ்லோவுக்குப் போனார். அத்தான் இல்ஃபோர்ட்டுக்கு வந்தார். பிறகு அந்தக் கவுன்சிலையே கலைத்துப் பக்கத்து மாவட்டங்களோடு சேர்த்துவிட்டார்கள். அதுவும் தன் விஷயத்தை மூடிமறைக்கத்தான் என்றார் அத்தான். இணையத்தில் அந்தச் சபையின் தேர்தல் வரலாறு முழுவதும் கிடக்கிறது. அவருடைய வட்டாரத்துக்கு நேரே, சம வாக்கு, சீட்டுக் குலுக்கலில் தெரிவு என்று ஒரு வரி. அதைப் படித்துவிட்டு அன்று முழுவதும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். எனக்கு எரிச்சலாக வரும்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அத்தான் வீட்டில் இருந்தபோது பாலேந்திரா அண்ணை மனைவியோடு வந்தார். மகள் சயந்தினிக்குக் கலியாணம். கார்டைத் தபாலில் போடாமல் வீடு தேடிவந்து சொல்வதுதானே முறை. நன்றாக மெலிந்துபோயிருந்தார். ஒரே மெத்தையில் படுத்த சிநேகிதன் தன் மகளின் கலியாணத்தில் முன்னுக்கு நிற்கவேண்டும் என்று கேட்டார். அத்தான் கார்டைத் தொடவில்லை.

"வாறதெண்டால் வாறன். முதல் உண்மையைச் சொல்லு. அந்தச் சுழி நீதானே போட்டனி?"

அண்ணை மனைவியைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் மச்சான், நான்தான். மன்னிச்சுக்கொள். கலியாணத்துக்கு வா" என்றார்.

ஞாபகமில்லை என்ற மனிதர் இப்போது செய்யாததை ஒப்புக்கொள்கிறார் என்று எனக்கு விளங்கியது. தேத்தண்ணித் தட்டோடு வந்த அக்கா அதை மேசையில் வைத்தார்.

"அண்ணை, நீங்கள் ஏன் மன்னிப்புக் கேக்கிறியள்? அது நான் போட்டது." அத்தான் பக்கம் திரும்பினார். "நீங்கள் வெல்லவேணுமெண்டு பிள்ளையாரை நினைச்சுப் போட்டனான். நீங்கள் அண்டைக்கு நிண்ட கோலத்தில சொல்லப் பயமாக் கிடந்தது. பிறகு சொல்ல வாய் வரேல்லை."

அத்தான் அழுவார் என்று நினைத்தேன். அல்லது எழும்பிப் போய்ச் சிநேகிதனின் கையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் அக்காவையே பார்த்தார். கண்ணைச் சுருக்கி, குப்பைத் தொட்டி கழுவுகிறவனைப் பார்க்கிற அதே பார்வை.

"தெரியாமப் போட்டனியோ, தெரிஞ்சு போட்டனியோ?"

அக்கா மேசையில் கிடந்த கார்டை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தான் கட்டாயம் வருவதாகப் பாலேந்திரா அண்ணையிடம் சொன்னார்.

ஹவுன்ஸ்லோக் கலியாணத்துக்கு அக்காவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மண்டப வாசலில் நின்ற பாலேந்திரா அண்ணை எங்களுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார். பிறகு, அவன் வரேல்லையோ என்று கேட்டார்.

"இனி அவருக்கு நீங்கள் தேவையில்லை அண்ணை" என்றார் அக்கா. "சந்தேகப்பட வீட்டிலயே ஆள் கிடைச்சிட்டுது."