பொன்னேருக்குப் போன குட்டி டிராக்டர்

காளைகளை விற்றுவிட்டு டிராக்டர் வாங்கப் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னதும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். எண்பதுகளின் கடைசி அது. இரண்டு வருசமாக மழை ஏமாற்றியிருந்தது. சோளத்தட்டை தீர்ந்து மாடுகள் எலும்பும் தோலுமாக நின்றன. வேறு வழியில்லைதான்.

காரியாபட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் ஓட்டிவந்த வண்டி என் கல்யாணத்துக்கு முந்தியே பிறந்தது. பெயின்ட் உரிந்து, வாசலில் குட்டியாக நின்றது. மாட்டுக்கு வயசு பார்க்கிற மாதிரி, "இதுக்கு எத்தன பல்லு?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் சித்திரை முதல் நாள், பொன்னேர். எல்லா வீட்டு ஏரும் ஊர்ப் பொது நிலத்தில் வரிசையாக நின்று வருசத்தின் முதல் உழவை ஒன்றாக ஓட்டும். அந்த வரிசையில் நிற்காதவனை எங்கள் ஊரில் வெள்ளாமை செய்கிற சம்சாரி என்று மதிக்கமாட்டார்கள். இவர் ஒரு வருசமும் தவறியதில்லை. ஆனால் பக்கத்துப் புஞ்சைக்காரர், இவருக்கு அண்ணன் முறை, எனக்கு மச்சான், முந்தின நாளே சொல்லிவிட்டார்: "மாடு பூட்டாம என்னப்பா பொன்னேரு? அதெல்லாம் ஆகாது."

அன்று இவர் சரியாகச் சாப்பிடவில்லை. "நீங்க வண்டியக் கொண்டாங்க, யாரு தடுக்குறாகன்னு பாப்போம்" என்றேன்.

அந்த வீராப்பில்தான் தப்புச் செய்தேன். விடிந்ததும் காளைகளைக் குளிப்பாட்டுகிற மாதிரியே வண்டியையும் குளிப்பாட்டினேன். எஞ்சின் மூடியைத் திறந்து உள்ளேயும் குடம் குடமாக ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்து, குங்குமம் வைத்து மாலை போட்டேன். இவர் வந்து சாவியைத் திருப்பினார். முனகல்கூட இல்லை. வயரெல்லாம் நனைந்துபோயிருந்தது.

"என்ன காரியம்டி பண்ணிவச்சிருக்க?" என்றார். கோபமாகக் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். "இழுத்துவிட்டாக் கெளம்பிரும்" என்று அவரே முணுமுணுத்தார். தெருவில் அந்த அண்ணன் தன் காளைகளை ஓட்டிக்கொண்டு வந்தார். நான் ஓடிப்போய் மறித்தேன்.

"மச்சான், ஒரு இழுப்பு இழுத்து விடுங்க."

என்னை முறைத்தார். பிறகு வண்டியின் மாலையைப் பார்த்தார். நல்ல நாளும் அதுவுமாக மாலை போட்டதை நடுத்தெருவில் விட்டுப்போக அவருக்கும் மனசு வரவில்லை போல. நுகத்தடியிலிருந்து வண்டிக்குக் கயிறு கட்டி, இவர் ஏறி உட்கார்ந்ததும் மாடுகளை விரட்டினார். நாலு எட்டில் வண்டி குபுகுபுவென்று புகைவிட்டு உயிர்பெற்றது. மாடுகள் மிரண்டு, கயிறு அறுந்து, அவரையும் இழுத்துக்கொண்டு ஓடின. தெருவே சிரித்தது.

அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்ததும் கேட்டேன்: "மாடு பூட்டியாச்சுல்ல மச்சான்? இனி ஆகுமா?"

அவரும் சிரித்துவிட்டார். "வா, கடைசீல தள்ளி நில்லு" என்றார் இவரிடம்.

ஐப்பசியில் நல்ல மழை. கொத்தமல்லி விதைக்கிற மண் பதம் நாலு நாள்கூட நிற்காது. பாளையம்பட்டியிலிருந்து வாடகைக்கு வரும் பெரிய டிராக்டர்கள் ஈரக் கரிசலில் புதையும் என்று மண் காயக் காத்திருந்தன. எங்கள் குட்டி கனமில்லாததால் முதலில் இறங்கியது. பனைக்கும் வரப்புக்கும் நடுவில்கூடப் புகுந்து திரும்பியது. அன்று மச்சான் எங்கள் வாசலில் வந்து நின்று மழையைப் பற்றியே பேசினார். அவர் காளையில் ஒன்று நொண்டுவது எங்களுக்குத் தெரியும். அவர் கேட்கட்டும் என்று இவர் காத்திருக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டு நாளில் அவர் புஞ்சையும் விதைத்தாயிற்று. நான் கேலி பேசவில்லை. எனக்கே அது ஆச்சரியம்தான்.

அடுத்த சித்திரைக்கு நாங்கள் போகத் தாமதமாகிவிட்டது. வரிசை கட்டி முடித்திருந்தார்கள். நடுவில் மச்சானின் ஏருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு ஜோடி மாடு நிற்கிற அகலத்துக்கு இடம் கிடந்தது. அங்கே நுழையப் பார்த்த ஒருவரை அவர் சத்தம் போட்டு விரட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "ஏத்தா, இந்த வருசம் குளிப்பாட்டலையே?" என்றார்.

"குங்குமம் மட்டுந்தான் மச்சான்."

இவர் வண்டியை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். பக்கத்தில் நின்ற காளைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.