மொட்டைத் தலைக்கும் ரோலர் கோஸ்டருக்கும்

எங்கள் குழுவில் புதிதாக யார் சேர்ந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: முதன்முதலில் எங்கே ஏறினாய்? ரோலர் கோஸ்டர் என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்று இருக்கிற பைத்தியங்கள் சேர்ந்த குழு அது. மற்றவர்கள் லீவு கிடைத்தால் கோயில் குளம் போவார்கள். நாங்கள் எந்த ஊரில் புதிதாகத் தண்டவாளம் வளைத்திருக்கிறான் என்று பார்த்து அங்கே போவோம். ஒருத்தர் துபாய் என்பார், இன்னொருத்தர் சிங்கப்பூர் என்பார். நான் மட்டும், "ஈசிஆர்ல, மொட்டைத் தலையோட" என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன! மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடாதே என்பார்கள். என் மொட்டைத் தலைக்கும் ரோலர் கோஸ்டருக்கும் முடிச்சு போட்டவர் என் தாய்மாமன். அதுவும் தெரியாமல் போட்டார்.

நான்காம் வகுப்பில் எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து முட்டுக்காடு பக்கத்தில் இருக்கும் அந்தப் பார்க்குக்கு டூர் கூட்டிப்போனார்கள். காலையில் படகு, மத்தியானம் தயிர்சாதம், அப்புறம் பார்க். உள்ளே நுழைந்ததுமே அந்தச் சத்தம் கேட்டது. கடகடவென்று ஏறி, ஒரு நொடி ஓசையே இல்லாமல் நின்று, பிறகு மொத்த கூட்டமும் ஓவென்று அலறிக்கொண்டு இறங்கியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நேராகப் போய் வரிசையில் நின்றேன்.

வரிசையின் முனையில் ஒரு இரும்புக் கம்பம் இருந்தது. அதில் மேலும் கீழும் நகர்கிற குறுக்குச் சட்டம் ஒன்று. அதைக் குறியிட்ட இடத்தில் நிறுத்தி, ஆளைக் கீழே நிற்க வைப்பார்கள். சட்டம் தலையில் இடித்தால் ஏறலாம். இடிக்கவில்லை என்றால் கிளம்பலாம். எனக்கு இடிக்கவில்லை. ஒரு விரல் நுழைகிற இடைவெளி. "அடுத்த வருஷம் வா பாப்பா" என்றார் அங்கே நின்ற அண்ணன். என்னோடு படிக்கிறவள், என்னைவிடக் கணக்கில் பாதி மார்க் வாங்குகிறவள், அவளுக்கு இடித்துவிட்டது. அவள் டீச்சரோடு ஏறிப் போவதைக் கீழே நின்று பார்த்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அடுத்த வருஷமெல்லாம் காத்திருப்பதில்லை என்று.

வீட்டுக்கு வந்ததும் வேலையைத் தொடங்கினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். பிடிக்காத பாலை மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தேன். சுவரில் என் உயரத்துக்கு ஒரு கோடும், அதற்கு ஒரு விரல் மேலே பார்க் சட்டத்துக்கு ஒரு குறியும் போட்டு வாரத்துக்கு வாரம் அளந்தேன். கோடு அசையவே இல்லை. பிறகுதான் ஒருநாள் தலைக்குக் குளித்துவிட்டு முடியை உச்சியில் தூக்கிக் கொண்டை போட்டபோது எனக்கு ஞானம் பிறந்தது. என் முடி அடர்த்தி. கொண்டை சின்னப் பனங்காய் அளவுக்கு வந்தது. சுவரில் அளந்தால் குறிக்கு மேலேயே போனது. அன்றிலிருந்து வெறுந்தலையை அளப்பதையே விட்டுவிட்டேன். கொண்டை இருக்க எதற்குத் தலை?

இனி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் ஒரே தம்பி. நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகிற வேன் ஓட்டினார். அந்த ரோட்டில் அவர் வேனைப் பார்த்தால் ஷேர் ஆட்டோக்கள் தாமாக ஒதுங்கும் என்று அவரே சொல்வார். நாங்கள் செங்கல்பட்டில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தால் எனக்குத் தீபாவளி. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், என் புலம்பலைக் கேட்டுவிட்டு அவர் கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டே, "நீ மட்டும் உயரம் வந்துடு, மாமாவே உன்னைக் கூட்டிக்கினு ஏறுறேன்" என்றார். அதைச் சொல்லும்போது பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருந்தாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அம்மா வீட்டு ஆட்கள் எங்கே சறுக்குவார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவளுக்கு உத்தியோகம். "தாய்மாமன் சொல்லிட்டான், நாங்கல்லாம் சாட்சி" என்றாள் அத்தை.

நான் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடிப்போய்க் கொண்டையோடு வந்தேன். சுவரில் சாய்ந்து நின்று காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். மாமா மட்டும் தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு அம்மாவிடம், "ஏங்கா, இவளுக்கு டைபாய்டு வந்தப்போ திருப்போரூர் முருகனுக்கு முடி எறக்குறேன்னு வேண்டிக்கினியே, அது இன்னா ஆச்சி?" என்று கேட்டார்.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ மறந்தே போச்சே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தம்பிப் பாப்பாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதாக ஏற்கெனவே நாள் குறித்திருந்தார்கள். அதே நாளில் எனக்கும் முடி இறக்கிவிடலாம் என்று அங்கேயே பேசி முடித்தார்கள். சாமி விஷயத்தில் மாமாவுக்கு எவ்வளவு அக்கறை என்று அப்பா மெச்சினார். எனக்கும் அக்கறை என்றுதான் பட்டது. நேரம்தான் சரியில்லை என்று நினைத்தேன்.

அழுதேன், உருண்டேன், அடுத்த மாதம் தருகிறேன் என்று முருகனிடமே நேரடியாகப் பேரம் பேசினேன். அம்மா அசையவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டேன்: கோயிலில் இருந்து நேராகப் பார்க்குக்குப் போக வேண்டும். "போலாம்டீ, அவங்க ஏத்தினா ஏறிக்கோ" என்றாள் அம்மா. மாமா அன்றைக்கு ரொம்ப உற்சாகமாக இருந்தார். தன் வேனையே கொண்டுவருகிறேன் என்றார்.

திருப்போரூரில் தம்பியை மாமா மடியில் வைத்து மொட்டை போட்டார்கள், காது குத்தினார்கள். அவன் ஊரைக் கூட்டினான். அடுத்து நான். கத்தி நெற்றியில் பட்டபோதுகூட நான் அழவில்லை. முடி கொத்துக் கொத்தாக மடியில் விழும்போது ஒவ்வொரு கொத்தும் எத்தனை உயரம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் போய்விட்டது. தலையைத் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று, என்னுடையது மாதிரியே இல்லை.

அப்போதுதான் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். குழைத்த சந்தனம், கெட்டியாக இருந்தது. என் கண் அதிலேயே நின்றது. அம்மா ஒரு பூச்சு பூசினாள். "இன்னும் கொஞ்சம்மா" என்றேன். பூசினாள். "உச்சில இன்னும்மா." அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கொழந்தைக்கு இன்னா பக்தி பாரேன்" என்று அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். கிண்ணம் காலியாகும்வரை நான் விடவில்லை. கேளம்பாக்கம் வந்து கோவளம் ரோட்டில் திரும்பி ஈசிஆரைத் தொடும்வரை வேனில் தலையை ஆட்டாமல், சந்தனம் உதிராமல், சாமி சிலை மாதிரி உட்கார்ந்து வந்தேன்.

அதே கம்பம். அதே அண்ணன். செருப்பைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். சட்டத்தை இறக்கினார். இடித்தது! எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் சட்டத்தைத் தூக்கி அடியில் பார்த்தார். மஞ்சளாக ஒரு வட்டம் ஒட்டியிருந்தது.

"சந்தனம் ஏறலாம் பாப்பா. நீ ஏற முடியாது" என்றார். வரிசையே சிரித்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்!

"அதான் சொல்றாங்கல்ல, ரூல்ஸுன்னா ரூல்ஸு. வா, ஐஸ்கிரீம் துன்னலாம்" என்று மாமா என் தோளைப் பிடித்தார். அவர் குரலில் எத்தனை இனிமை! நான் தோளை உதறினேன். பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. அதன் கீழே தலையைக் கொடுத்தேன். காலையிலிருந்து காப்பாற்றிய சந்தனம் எல்லாம் கழுத்து வழியாகப் பட்டுப்பாவாடையில் வழிந்து இறங்கியது. அத்தை கத்தினாள். ஈரத் தலையோடு திரும்பிப் போய்க் கம்பத்தில் முதுகு ஒட்ட நின்றேன்.

"இப்போ அளங்க அண்ணா" என்றேன். எனக்கு நம்பிக்கை இருந்ததா என்றால் இல்லை. சந்தனத்தோடு சேர்த்து என்னையும் அவர் விரட்டிவிட்டதுதான் பொறுக்கவில்லை. என்னை அளந்துவிட்டுச் சொல்லட்டும் என்று பிடிவாதம், அவ்வளவுதான்.

சட்டம் இறங்கியது. புது மொட்டையில் சில்லென்று இரும்பு பட்டது.

அந்த அண்ணன் குனிந்து என் குதிகாலைப் பார்த்தார், தரையில்தான் இருந்தது. மறுபடி சட்டத்தைப் பார்த்தார். "அட, இருக்கே" என்றார். நான் வளர்ந்திருந்தேன். கொண்டை போட ஆரம்பித்த நாளிலிருந்து வெறுந்தலையை அளக்காததால் எனக்கே தெரியவில்லை. கோடு அசையவில்லை என்று கைவிட்ட பிறகு, ஜன்னல் கம்பியோ பாலோ ஏதோ ஒன்று வேலை செய்திருக்கிறது.

"ஆனா சின்னக் கொழந்த, கூடப் பெரியவங்க யாராவது ஏறணும்" என்றார் அவர்.

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். பட்டு வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக நின்றார். அப்பாவின் தோளில் தம்பி காது வலியில் சிணுங்கிக்கொண்டிருந்தான். அப்பா வர முடியாது. "இன்னா தம்பி, வாய் மட்டும்தானா?" என்றாள் அத்தை.

அம்மா குறுக்கே வந்து வரிசைத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம். நான் சொல்றேன் கேளு, வேணாம். இன்னொரு நாளு பாத்துக்கலாம்." ஏற்றினால் ஏறிக்கொள் என்று வாக்குக் கொடுத்தவள், கடைசி நேரத்தில் இப்படிக் குறுக்கே நிற்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் ஏறுவேன், ஏறுவேன்" என்று காலை உதைத்தேன். "அப்போ நான் போறேன் அவகூட" என்றாள் அம்மா. ரங்கராட்டினத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்பவள் அவள்.

மாமா அம்மாவின் கையை மெதுவாகக் கம்பியிலிருந்து எடுத்தார். "வுடுக்கா. கொழந்தகிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

ஏறும்போது கடகடவென்று முதுகில் இடித்துக்கொண்டே போனது. மாமா என் கையைப் பிடித்திருந்தார், எனக்கு விரல் வலித்தது. நான் விழுந்துவிடாமல் இருக்கப் பிடிக்கிறார் என்று நினைத்தேன். உச்சிக்குப் போனதும் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் முட்டுக்காட்டு உப்பங்கழி, அதில் எறும்பாகப் படகுகள். "மாமா, அங்க பாருங்க" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் கோயிலில் கும்பிட்டது போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு அது விழுந்தது. வயிறு மேலேயே தங்கிவிட்டது, நான் மட்டும் கீழே போனேன். கடல் காற்று அத்தனையும் என் ஈர மொட்டையில் வந்து அறைந்தது. அம்மாடி! முடி உள்ளவர்களுக்கு அது தெரியவே தெரியாது. தலை முழுக்கத் தோல். தோல் முழுக்கக் காற்று. நான் கத்தினேன், அது பயமில்லை. அதுவரை என் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததில்லை. இன்றுவரை எத்தனையோ தண்டவாளங்களில் ஏறிவிட்டேன். எல்லாவற்றிலும் அந்தக் காற்றைத்தான் தேடுகிறேன்.

வண்டி நின்றது. நான் குதித்து இறங்கினேன். அம்மா ஓடி வந்தாள். நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். அம்மா என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமாவின் முகத்தை முந்தானையால் துடைத்தாள். நெற்றி விபூதி வியர்வையில் கரைந்து கன்னத்துக்கு வந்திருந்தது. "ஒண்ணும் இல்லக்கா. காலைல துன்ன புளிசாதம் ஒத்துக்கல" என்றார் மாமா. "யார்கிட்ட சொல்ற? திருவிழா ராட்டினத்துல ஏத்தினதுக்கே ஜொரத்துல படுத்தவன்தானே நீ? வூட்டு ஏணில ஏறுவியாடா நீ?" என்று சொல்லி அம்மா அழுதாள்.

எந்த ராட்டினம், எந்த ஜுரம் என்று நான் கேட்கவில்லை. எனக்கு வந்தது பொறாமைதான். ஏறினது நான், சின்னப் பிள்ளை நான், மொட்டை போட்டு அழாமல் இருந்ததும் நான். ஆறடி உயரத்துக்கு மீசையோடு இருக்கிற ஆளுக்கு எதற்கு முகம் துடைத்துவிட வேண்டும்? நடுவில் போய் நின்றேன்.

"மாமா, இன்னொரு வாட்டி" என்றேன்.

"அடியே, ஒத போட்டேன்னா தெரியும்" என்று அம்மா கையை ஓங்கினாள். மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். தண்டவாளத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். "வா" என்றார்.

வரிசையில் நிற்கும்போது என் கைக்குள் அவர் கை ஐஸ் மாதிரி இருந்தது. உச்சி வெயில். மாமாவுக்குக் கடல் காற்று ஆகாது போலிருக்கிறது என்று நினைத்தேன். கேட்டதும் எழுந்து வந்துவிட்டார் என்பதை நான் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மாமா என்றால் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.