அத்தானுக்குச் சொன்ன விலை

கார் விற்கிறவன் உண்மை பேசினால் டயரில் காற்று நிற்காது என்று அந்த ஷோரூமில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சுக்கு அடங்காத ஆள் அங்கே ஒருவர்தான். அவரை எல்லோரும் நியாயஸ்தர் என்று கூப்பிடுவார்கள். பாராட்டு என்று நினைத்துவிட வேண்டாம். முக்காலும் கேலி.

வண்டி பார்க்க வருகிறவரிடம், "இது உங்களுக்கு வேண்டாங்க. நீங்க சொல்ற சந்துல இது திரும்பாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். முதலாளி பல்லைக் கடிப்பார். ஆனால் திரும்பிப் போனவர் அடுத்த வருஷம் தம்பியையும் மாமனாரையும் கூட்டிக்கொண்டு வந்து, "அவர்கிட்டதான் வாங்குவோம்" என்று வாசலில் நிற்பார். அதனால் இந்த மனுஷனை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருந்தார் முதலாளி.

நியாயஸ்தர் தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்த பிள்ளை. அக்கா கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போனபோது பெட்டியோடு பெட்டியாக இவரும் போனார். அத்தான் பேக்கரிக்காரர். இன்னொரு வயிறு வந்து உட்கார்ந்ததே என்று ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. ரொட்டி வண்டியில் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டக் கற்றுக்கொடுத்தார். முதல் வேலைக்குப் போகும்போது தன் நல்ல சட்டையைக் கழற்றி இவருக்குப் போட்டுவிட்டார். பெற்ற தகப்பன்மாரே எத்தனை பேர் செய்கிறார்கள் இதை? பிறகு கல்யாணம் ஆகித் தனி வீடு போனாலும், நியாயஸ்தருக்கு ஒரு நல்லது கெட்டது என்றால் கால் தானாக அத்தான் வீட்டுக்குத்தான் நடக்கும்.

அந்த அத்தானுக்கு வயசான காலத்தில் ஓர் ஆசை வந்தது. இவர் ஷோரூமிலிருந்து கொண்டுவந்த படத்தில் ஒரு புது வண்டியைப் பார்த்துவிட்டார். ஸ்போர்ட்ஸ் கூபே என்று பெயர். கைக்கடக்கமான உடம்பு, இரண்டே கதவு, கூரை பின்பக்கம் வழுக்கிக்கொண்டு இறங்கும். இன்னும் விலை வைக்கவில்லை, வண்டியும் வரவில்லை.

"மாப்ளே, பின்னால ஒரு பூனைகூட உட்கார முடியாது போலிருக்கே!" அத்தான் கண்ணெல்லாம் சிரிப்பு. "முதல்ல ரொட்டியை ஏத்தினேன். அப்புறம் இந்தப் பெரிய காரை வாங்கி ஊரையே ஏத்தினேன். ஆஸ்பத்திரிக்கு வாங்க, ஸ்டேஷனுக்கு வாங்க. இதுல எவன் வந்து கேப்பான்? எலி வளையானாலும் தனி வளை."

"நான் எங்கே உட்கார்றதாம்?" என்றாள் அக்கா.

"உனக்கு முன்னாடி. உன் பொறந்த வீட்டு ஆளுங்களுக்குத்தான் இடமில்ல."

"என் பொறந்த வீட்டு ஆளு இதோ இவன் ஒருத்தன். கார் விக்கிறான், பஸ்ல போறான். இவனா உங்க சீட்டுக்கு அலையறான்?"

மூன்று பேரும் சிரித்தார்கள். அப்போது சிரிக்க முடிந்தது.

அந்த வாரமே தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். புது வண்டிக்கு என்ன விலை வைக்கலாம் என்று விற்கிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்கத்தான் வந்தது. கண்ணாடி அறை, நடுவில் நீள மேசை, ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது. முதலாளி ஒரு முனையில். பக்கத்தில், எப்போதும் பல் தெரிகிற இன்னொரு விற்பனைக்காரர். அவருக்குச் சிரிப்பு என்றே பெயர்.

"இதை வாங்குறவங்க விலையே கேக்க மாட்டாங்க மேடம்" என்று ஆரம்பித்தார் சிரிப்பு. "நம்ம பெரிய நாலு கதவு வண்டிக்கு மேலேயே வைங்க. விலை ஏற ஏறத்தான் ஆசையும் ஏறும்."

நியாயஸ்தருக்குப் பொறுக்கவில்லை. "கேக்காத ஆளுகிட்ட ஏத்திச் சொல்றது வியாபாரமா? தூங்குறவன் பையில கை விடற மாதிரி."

"அப்போ நியாயமான விலை எது, நீங்க சொல்லுங்க" என்றார் அந்த அம்மாள். குரலில் அத்தனை மரியாதை.

மனுஷன் சொன்னார். எஞ்சின் பெரிய வண்டியில் இருப்பதுதான், அதற்குக் குறைக்க வேண்டாம். சீட்டுத் தோல் கையால் தைத்தது, அதற்கு இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். ஆனால் கதவு இரண்டு குறைகிறது, பின்சீட்டில் கால் வைக்க இடமில்லை, பெட்டி வைக்கிற இடத்தில் ஒரு பைதான் போகும். எல்லாம் போட்டுக் கழித்தால் பெரிய வண்டி விலையில் முக்கால் பங்கு. "அதுக்கு மேல வாங்கினா, வாங்கிட்டுப் போறவங்க வீட்ல போய் நம்மளைத் திட்டுவாங்க."

"அழகுக்கு விலை இல்லையா?" என்றார் முதலாளி.

"இருக்குங்க. அதையும் சேர்த்துத்தான் முக்கால்."

"முக்காலுக்குக் கொஞ்சம் மேல போனா?"

"யோசிப்பாங்க."

"இன்னும் மேல?"

"வயிறெரிவாங்க. ஆசைப்பட்டவங்க வாங்கிடுவாங்க, ஆனா வயிறெரிவாங்க."

அந்த அம்மாள் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். தலையைத் தலையை ஆட்டினார். கடைசியில் எழுந்து வந்து, இவர் கையில்தான் முதல் டீயைக் கொடுத்தார். "நீங்க சொன்னதுதான் சார் எங்களுக்கு ரொம்ப உபயோகம்" என்றார். சிரிப்பின் முகத்தில் பல்லைக் காணோம்.

இத்தனை வருஷம் ஷோரூமில் குப்பை கொட்டிய ஆள், எழுதிக்கொண்டால் ஏற்றுக்கொண்டார்கள் என்று நம்பலாமா? நம்பினார். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து நியாயம் என்ன என்று யாரும் அதற்கு முன்னால் கேட்டதில்லையே. அந்த மிதப்பில், பஸ் இறங்கி நேரே அக்கா வீட்டுக்குப் போனார்.

"அத்தான், முக்கால்தான். நானே போட்டுக் கொடுத்த விலை. தைரியமா இருங்க."

"உறுதியா மாப்ளே?"

"என் வார்த்தை அத்தான்."

இந்தத் தம்பி வார்த்தைக்கு அந்த வீட்டில் ரசீது கேட்கிற வழக்கம் கிடையாது. மறு வாரமே அத்தான் பழைய பெரிய காரை விற்றார். அந்தப் பணத்தோடு சேமிப்பையும் சேர்த்தால் சரியாக முக்காலுக்கு வரும். பேக்கரிக்கு வருகிற போகிறவர்களிடமெல்லாம் வண்டியின் நிறம், விலை, கதவு எண்ணிக்கை வரை சொல்லித் தீர்த்தார். ரொட்டி வாங்க வந்த குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

விலை வந்தது. பெரிய வண்டி விலையை எட்டிப் பிடித்து, அதற்கும் மேலே ஒரு படி ஏறி உட்கார்ந்திருந்தது.

நியாயஸ்தர் முதலாளி அறைக்கு ஓடினார். தலைமை அலுவலகத்து அம்மாளும் அன்றைக்கு அங்கேதான் இருந்தார்.

"முக்கால்னு சொன்னேனே மேடம்! நீங்களும் எழுதிக்கிட்டீங்களே!"

"எழுதிக்கிட்டேன் சார். முக்கால்னா சந்தோஷமா வாங்குவாங்கன்னு சொன்னீங்க. அதுக்கு மேல யோசிப்பாங்க. இன்னும் மேல வயிறெரிவாங்க, ஆனா வாங்கிடுவாங்க." அந்த அம்மாள் பொய் சொல்கிற முகத்தோடு சொல்லவில்லை, அதுதான் கொடுமை. "எதுவரைக்கும் வாங்குவாங்கன்னுதானே எங்களுக்குத் தெரியணும்? நீங்க அவ்வளவு தெளிவா சொல்லலைன்னா எங்களுக்கு இந்த தைரியம் வந்திருக்காது."

முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். ஆழம் பார்க்க அவர்கள் ஆற்றில் விட்டது இவர் காலை.

அத்தானிடம் போய்ச் சொன்னபோது அவர் மாவு பிசைகிற மேசைக்குப் பின்னால் நின்றிருந்தார். கேட்டு முடித்தும் கையை நிறுத்தவில்லை.

"சின்ன விலை சொல்லி உள்ளே இழுக்கிறது, அப்புறம் பெரிய விலையில தள்ளி விடறது. உங்க கடைத் தந்திரம்தானே இது? நீயே எனக்குச் சொல்லிச் சிரிச்சிருக்கே."

"அய்யோ அத்தான், நான் அப்படி…"

"ஊர்ல எவன்கிட்ட வேணா காட்டு. என்கிட்டயுமா?"

"வாங்காதீங்க அத்தான். வேண்டாம். அந்த வண்டி அந்த விலைக்குப் பெறாது."

"அதையும் நீதான் சொல்லணுமா?" என்றார் அத்தான். "வாங்கலைன்னா நாளைக்குக் கடைக்கு வர்றவன் என்ன கேப்பான்? மச்சினன் வார்த்தை என்னாச்சும்பான். உன் வார்த்தை போச்சுன்னு என் வாயால சொல்ல மாட்டேன். அதுக்கு அந்தப் பணம் தேவலை."

பேக்கரிக்குப் புது அடுப்பு போட எடுத்து வைத்திருந்த பணத்தில் கை வைத்தார். அக்கா எவ்வளவோ சொன்னாள், கேட்கவில்லை. பழைய அடுப்புப் புகையிலேயே இன்னும் பத்து வருஷம் இருமுவேன் என்றார்.

ஷோரூமுக்கு வந்த அன்று அத்தான் நேரே சிரிப்பின் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். பக்கத்து மேசையில் நியாயஸ்தர் எழுந்து நின்றார். அங்கே நிற்பது ஆளில்லை, வெறும் நாற்காலி என்பதுபோல அத்தான் கண் தாண்டிப் போயிற்று. கூட வந்த அக்கா தம்பியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

சிரிப்பு கெட்டவர் இல்லை. வேலை செய்கிறவர்களின் சொந்தக்காரர்களுக்கு ஒரு தள்ளுபடி உண்டு, உறவைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் போதும். அந்தத் தாளை எடுத்து மெதுவாக நியாயஸ்தர் பக்கம் நகர்த்தினார். முக்காலுக்கு இறங்காது. ஆனாலும் அடுப்புப் பணம் பாதி மிஞ்சும். நியாயஸ்தர் அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டார். உறவு என்ற இடத்தில் அக்காள் கணவர் என்று எழுதினார்.

அத்தான் தாளை வாங்கினார். நிதானமாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு அதைச் சிரிப்பிடமே திருப்பிக் கொடுத்தார்.

"தப்பா எழுதியிருக்காங்க. எனக்கு இங்கே சொந்தக்காரங்க யாரும் இல்ல. முழு விலையே போடுங்க."