படத்தில் கதவைத் திறந்த அப்பா

பண்டிகைக்கு வருகிற குடும்பப் படங்கள் மேல் எனக்கு மரியாதை கிடையாது. தீபாவளிக்கு வந்தாலும் பொங்கலுக்கு வந்தாலும் கிறிஸ்மஸுக்கு வந்தாலும் எல்லாம் ஒரே சட்டியில் கிண்டியதுதான். முக்கால்வாசி நேரம் முறைத்துக்கொண்டு திரிவார்கள். கடைசியில் கட்டிப்பிடித்து அழுவார்கள், ஒரு பாட்டு வரும், நாம் எழுந்து வீட்டுக்குப் போகலாம். ஆனால் அந்தக் குப்பைக்கு நடுவில் நிற்கிற ஆள் மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் உயிரைக் கொடுத்து நடித்துவிட்டால், படம் எழுந்து நின்றுவிடும். இதை நான் எந்தப் பெரிய நடிகரைப் பார்த்தும் தெரிந்துகொள்ளவில்லை. பாளையங்கோட்டையில் இருக்கிற என் அப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அப்பா மிஷன் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிற ஓர் இந்துவை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டேன். அன்றோடு சரி. அப்பா அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கும் அவர் வாய்தானே. எங்கள் வீட்டில் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. வீட்டு ஆட்கள், சொந்தக்காரர்கள், தெருவில் உடம்புக்கு முடியாதவர்கள் என்று ஒவ்வொரு பேராகச் சொல்லி ஜெபிப்பார். அதிலிருந்து என் பேரை எடுத்துவிட்டார். பால்காரருடைய அம்மாவின் மூட்டுவலிக்குக்கூட ஆண்டவரிடம் மன்றாடுகிற மனுஷன், பெற்ற மகள் பேர் வருகிற இடத்தில் ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுவாராம். அம்மாதான் சொன்னாள்.

அம்மாவை நான் மார்க்கெட்டில் வைத்துப் பார்ப்பேன். பண்டிகைக்கு முந்தின வாரம் கூடையில் காய்கறிக்கு அடியில் முந்திரிக்கொத்தை ஒளித்துக் கொண்டுவந்து கொடுப்பாள். "மனசு மாறும்ட்டி, கொஞ்சம் பொறு" என்பாள். எனக்கு வேண்டியது அதிகமில்லை. பண்டிகை அன்றைக்கு அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போக வேண்டும். போய் உட்கார்ந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க வேண்டும். அவ்வளவுதான். அதைக் கேட்டு நாலைந்து தடவை ஆள்விட்டுப் பார்த்தாயிற்று. பதிலே கிடையாது.

அப்படி இருக்கும்போது ஒரு வருஷம் எங்கள் சபைக் கோயில் வாலிபர் சங்கத்துப் பையன்கள் கிறிஸ்மஸுக்கு ஒரு படம் எடுத்தார்கள். கதை என்ன தெரியுமா? சொல் பேச்சுக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்ட மகளை விரட்டிவிட்ட ஒரு தகப்பன், கிறிஸ்மஸ் அன்றைக்கு மனம் திரும்பிக் கதவைத் திறக்கிறான். ஊருக்கே தெரிந்த கதை. தகப்பன் வேஷத்துக்கு என் அப்பாவையே போய்க் கேட்டிருக்கிறார்கள். ஏற்பாடு ஐயருடையது. பாளையங்கோட்டையில் சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்லுவோம். நடிக்க வைத்தாவது அவர் மனதை இளக்கலாம் என்று அந்த நல்ல மனுஷன் கணக்குப் போட்டிருக்கிறார். சினிமா பார்க்கிறவன் உருப்படமாட்டான் என்று பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றிய என் அப்பா, சரி என்றுவிட்டார்.

சரி என்றதோடு விடவில்லை. இன்ஸ்பெக்ஷனுக்குத் தயாராவது மாதிரி தயாரானார். அம்மா போனில் சொல்லுவாள்: "ஏளா, ஒங்கப்பா நேரத்துக்குச் சாப்பிடக்கூட மாட்டேங்காவ. கண்ணாடி முன்னால போயி நிக்காவ. என்னன்னு கேட்டா, 'சும்மா இரு'ங்காவ."

"மனசு மாறிட்டாவளாம்மா?"

"மாறாமலா ராத்திரி புரண்டு புரண்டு படுக்காவ?"

எனக்கு ஆசை வந்துவிட்டது. இல்லை என்று சொன்னால் பொய்.

படத்தை யூடியூபில் போட்டார்கள். பட்டறையில் மெஷினை நிறுத்திவிட்டு, நானும் என் வீட்டுக்காரரும் அவர் போனில் பார்த்தோம். கண்றாவி. பாளையங்கோட்டை வெயிலில் பஞ்சைப் பிய்த்து வேப்பமரத்தில் பனி என்று ஒட்டியிருந்தார்கள். துபாயில் இருந்து வருகிற மகன் பெட்டியை ஒற்றை விரலில் தூக்கிக்கொண்டு வந்தான், உள்ளே ஒரு துண்டுகூட இல்லை என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அம்மா வேஷம் போட்ட, பேங்கில் வேலை பார்க்கிற அம்மா கண்ணில் விக்ஸ் தடவிக்கொண்டு, அழுகை வருவதற்கு முன்பே முந்தானையைத் தூக்கினாள். மகளாக வந்த பெண் கேமராவைப் பார்த்துத்தான் "அப்பா" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

பிறகு அப்பா வந்தார். வந்து எதுவுமே செய்யவில்லை. சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் தட்டு வைக்கிற காட்சி. ஒரு தட்டை அதிகமாக எடுத்துவிட்டு, அதைத் திருப்பி வைக்க மனமில்லாமல், வேட்டி முனையால் துடைத்துக்கொண்டே இருந்தார். தட்டில் அழுக்கே இல்லை. யாரையும் பார்க்கவும் இல்லை. பக்கத்தில் நின்ற பேங்க் அம்மா முந்தானையைக் கீழே விட்டுவிட்டாள். அடுத்து என்ன வசனம் என்பதையே மறந்து அவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பெட்டி தூக்கி வந்த பையனும் இளிப்பதை நிறுத்திவிட்டான். ஒரு ஆள் நிஜமாக நின்றுவிட்டால் சுற்றி நிற்கிறவர்களுக்கு வெட்கம் வந்துவிடும் போலிருக்கிறது. அதற்குப் பிறகு பஞ்சுப் பனி என் கண்ணில் படவே இல்லை.

கடைசிக் காட்சியில் மகள் வாசலில் வந்து நிற்கிறாள். அப்பா கதவைத் திறக்கப் போகிறார், தாழ்ப்பாள் கைக்குச் சிக்கவில்லை. கடைசியில் திறந்துவிடுகிறார். பிறகு சொல்கிறார்: "ஏளா கோட்டி, வெயில்லயா நிக்க? உள்ள வா."

நான் போனைக் கீழே வைத்துவிட்டேன். கோட்டி என்றால் எங்கள் ஊரில் பைத்தியம். சின்ன வயதிலிருந்து அப்பா என்னை அப்படித்தான் கூப்பிடுவார். ரொம்பப் பிரியமாக இருக்கும்போது மட்டும்தான் கூப்பிடுவார். என் தங்கையைக்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன். "எழுதிக் குடுத்தது 'அன்பு மகளே, என்னை மன்னித்துவிடு'ன்னுதான். ஒங்கப்பாதான் மாத்திச் சொல்லிட்டாவ" என்றாள் அம்மா. சொல்லும்போதே அழுதாள்.

"இதுக்கு மேல என்னட்டி வேணும்? இது நடிப்பா? கெளம்பு" என்றார் என் வீட்டுக்காரர்.

திருநெல்வேலியைத் தாண்டினால் இது யாருக்கும் விளங்காது. பைத்தியமே என்று கூப்பிட்டதற்கு ஒருத்தி நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு கிளம்புவாளா? நான் கிளம்பினேன்.

கிறிஸ்மஸ் அன்றைக்கு மத்தியானம். என் வீட்டுக்காரர் பைக்கைத் தெருமுனையில் நிறுத்திக்கொண்டு, "மொதல்ல நீ போ, கூப்பிட்டா நான் வாரேன்" என்றார். காலையிலிருந்து அப்பாவைப் பாராட்ட ஆட்கள் வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். கேட் சத்தம் கேட்டதும் அவர் முகம் நிறையச் சிரிப்போடு வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். கேட் வரைக்கும் வந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். திறக்கவில்லை.

"படம் பாத்தேன்ப்பா" என்றேன்.

"எப்படி இருந்துச்சு?"

"நீங்க என்னயக் கூப்பிட்டியளேப்பா" என்றேன்.

"அது படத்துக்கு" என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. "எழுதிக் குடுத்தத சொல்லிப் பாத்தேன், உசிரு வரல. ஒன்ன நெனச்சுச் சொன்னேன், வந்துச்சு. எல்லாரும் அந்த எடத்துலதான் அழுதாங்களாம்."

"அப்ப என்னய நெனச்சியளே."

"நெனைக்காம? படத்துலயே அழுது தீத்தாச்சு. இனி ஒண்ணும் இல்ல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கேட்டைப் பிடுங்கி எறிந்திருப்பேன். வாசலுக்குள் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அப்பா திரும்பிப் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டாள். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போகலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ஐயருடைய கார் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றது.

ஐயரும் அவர் மனைவி ஐயரம்மாவும் இறங்கினார்கள். கையில் கேக். கேட்டுக்கு இந்தப் பக்கம் மகள், அந்தப் பக்கம் தகப்பன். ஐயரம்மா, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "படத்துல பாத்த மாதிரியே இருக்கே, ஐயா" என்றார் ஐயர்.

அப்பா கேட்டைத் திறந்தார். கைப்பிடி அவர் கையில் சிக்காமல் இரண்டு தரம் நழுவியது. என் தலையில் கையை வைத்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் நின்றது, துடைக்கவில்லை. "வந்துட்டாய்யா" என்றார். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை கூடக் குறைய இல்லை. ஐயரம்மா விம்மி விம்மி அழுதாள். நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன், படத்தில் செய்ததைவிடப் பிரமாதமாகச் செய்தார்.

"நீங்க உள்ள போங்க ஐயா. பின்னாலயே வாரோம்" என்றார் அவர்களிடம். கை என் தலையிலேயே இருந்தது. அவர்கள் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினார்கள்.

"அவ வீட்டுக்காரரு காத்துக்கிட்டிருக்காரு, போயிட்டான்னு ஐயர்ட்ட சொல்லிக்கிடுதேன். நீ கெளம்பு" என்றார் அப்பா, கண்ணீர் காயாத முகத்தோடு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, பைய.

நான் உடனே கிளம்பவில்லை. ரோஷமெல்லாம் எங்கே போனதோ. ஐயர் நடையைத் தாண்டி உள்ளே போகிறவரை அப்பா கையை எடுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதுவரைக்கும் தலையை அசைக்காமல் நின்றேன்.