தெஹிவளைக்கு ஒரு டிக்கெட்

மூன்று வருடங்களாக நான் கொழும்பு பஸ்ஸில் தெஹிவளைக்கு டிக்கெட் எடுத்து வெள்ளவத்தையில் இறங்கிக்கொண்டிருந்தேன். தெஹிவளை அடுத்த ஊர்; அங்கே எனக்கு யாருமில்லை. "நங்கி, தெஹிவல தவ துரய்," தங்கச்சி, தெஹிவளை இன்னும் தூரம் இருக்கிறது என்று கண்டக்டர்மார் சிங்களத்தில் கூப்பிட்டுச் சொல்வார்கள். இடம் தெரியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்று அவர்களுக்கு இரக்கம். நான் சிரித்துவிட்டு இறங்கிவிடுவேன். உண்மை என்னவென்றால் எனக்குத் திக்கும். அதிலும் சொல் 'வ'வில் தொடங்கினால் தொண்டையில் கதவு சாத்திக்கொள்ளும். வெள்ளவத்தையில் குடியிருக்க முடிந்தது, அதன் பெயரைச் சொல்லத்தான் முடியவில்லை.

ஊரில் இருக்கும் உங்களுக்குக் கொழும்பு வெளிநாடு இல்லைதான். எனக்கு அப்படியல்ல. யாழ்ப்பாணத்தில் நான் தொடங்கிய வாக்கியத்தை அம்மா முடித்துவைப்பார். பள்ளிக்கூடத்தில், திக்குவாய் என்பதால், என்னைக் 'கொன்னை' என்றுதான் கூப்பிட்டார்கள். கொழும்புக்கு வந்த முதல் வாரமே ஒன்று கண்டுபிடித்தேன்: இங்கே நான் திக்கினால், சிங்களம் தெரியாமல் தடுமாறுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு வசதி! அந்த மறைவில் சொகுசாக ஒளிந்திருந்தேன். தமிழ்க் கடைகளில்தான் சிக்கல். வெண்டிக்காய் வாங்கப் போய்க் கத்தரிக்காயோடு திரும்பி, பிடிக்காமலே சமைத்துச் சாப்பிட்ட நாட்கள் ஏராளம்.

கொம்பனித்தெருவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் எனக்குத் தற்காலிக வேலை. போன மாதம் மேலாளர் நிலந்தி மிஸ் கூப்பிட்டார். தமிழ் முகவர்களுக்கு ஒரு நாள் பயிற்சியை நான் நடத்த வேண்டும்; நன்றாக நடந்தால் வேலையை நிரந்தரமாக்கலாம். சிங்களத்தில்தானே தடுமாறுகிறாய், தமிழில் தண்ணீராகப் பேசுவாய் என்றார். அன்பாகத்தான் சொன்னார். தமிழிலும் திக்கும் என்று சொல்லாமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஒரு கிழமை தயாரித்தேன். 'வாடிக்கையாளர்' எல்லாரும் 'கஸ்டமர்' ஆனார்கள். எங்கே மூச்சு விடுவது, எந்தச் சொல்லை இழுத்துத் தொடங்குவது என்று பென்சிலால் குறித்தேன். ஒன்றைத்தான் மாற்ற வழியில்லை. என் பெயர் வினோதினி.

அன்று இருபது பேர் வந்திருந்தார்கள். "நான் வி... வி..." கதவு சாத்திக்கொண்டது. முன்வரிசையில் பருத்தித்துறையிலிருந்து வந்த ஐயா ஒருவர் இரக்கத்தோடு பார்த்தார்.

"பிள்ளை சிங்களமோ? இங்கிலீசில சொல்லுங்கோ, எங்களுக்கு விளங்கும்."

தலையை ஆட்டினால் போதும். தமிழ் வராத சிங்களப் பெண்ணாக அன்றைய நாளை ஓட்டிவிடலாம். தலை பாதி அசைந்தும்விட்டது. பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் அல்ல. சிங்களவரிடம் சிங்களம் தெரியாதவள், தமிழரிடம் தமிழ் தெரியாதவள் என்றால் நான் எங்கேதான் இருப்பது?

"இல்லை ஐயா. நானும் யாழ்ப்பாணம்தான். எனக்குக் கொன்னை. பெயரைச் சொல்லி முடிக்கிறன், கொஞ்சம் பொறுங்கோ."

பொறுத்தார்கள். யாரும் முடித்துவைக்கவில்லை. பிறகு நாள் முழுக்கத் திக்கினேன். திக்கியபடியே எல்லாவற்றையும் சொன்னேன், வாடிக்கையாளர் உட்பட. மத்தியானம் அதே ஐயா சோற்றுப் பார்சலோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த ரெண்டாவது போமை நிரப்புறதை இன்னொருக்காச் சொல்லுங்கோ பிள்ளை. ஆறுதலாச் சொல்லுங்கோ, எனக்கும் அப்பதான் ஏறும்."

பயிற்சி முடிந்ததும் நிலந்தி மிஸ்ஸிடம் நானே போனேன். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும், திக்குவதுதான் விசயம் என்று சிங்களத்தில் திக்கித் திக்கிச் சொன்னேன். அப்படியென்றால் அடுத்த மாதம் சிங்கள முகவர்களுக்கும் நீதான் என்றார். வேலை நிரந்தரமாவது அதற்குப் பிறகாம். பரவாயில்லை, அதையும் திக்கியே முடிக்கிறேன்.

அன்று மாலை காலி வீதி பஸ்ஸில் கண்டக்டர் கையை நீட்டினார். "வெ... வெ..." என் முகத்தைப் பார்த்துவிட்டு உடைந்த தமிழுக்கு மாறினார்.

"எங்க போறது, அக்கா?"

எந்த மொழியில் கேட்டாலும் எனக்கு அதே கதவுதான். ஒரு விரலை உயர்த்திப் பொறுக்கச் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். நான் சொல்லி முடித்தேன்.

வெள்ளவத்தையில் இறங்கியபோது யாரும் என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. பஸ் நான் இல்லாமல் தெஹிவளைக்குப் போனது.